இன்ஜின் ஆசை சரி... எந்த ஃபிரேமில் மாட்டுவது? பைக் ‘ஸ்வாப்’ செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருப்பூரில் மெஷினுக்கு மோட்டார் மாற்றுவது பெரிய விஷயமே இல்லை. பவர் டேபிள் யூனிட்டில் பழைய கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு, கரன்ட் பில் குறையட்டும் என்று சர்வோ மோட்டார் மாட்டுவார்கள். ஸ்டாண்டில் ஓட்டை பொருந்துகிறதா, புல்லி நேராக நிற்கிறதா, பெல்ட் அளவு சரியா என்று பார்த்தால் போதும். அன்றைக்கே ஓவர்லாக் ஓடத் தொடங்கிவிடும்.

பைக்கையும் இதே கண்ணோடு பார்க்கிற இளைஞர்கள் நிறையப் பேர். ‘ஸ்பிளெண்டர் பாடியில் 200 சிசி மாட்டினால் எப்படி இருக்கும்?’, ‘ஆர்எக்ஸ் 100 சேஸில் டியூக் இன்ஜின் உட்காருமா?’ என்ற கேள்விகள் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பட்டறையில் கேட்டால், “மாட்டிடலாங்க, ஒண்ணும் பிரச்னை இல்லீங்க” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

மாட்டிவிடலாம்தான். லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த ஊரில் அதற்கென்ன பஞ்சம்! ஆனால் தையல் டேபிள் வைத்த இடத்தில் நிற்கும். பைக் அவிநாசி ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே 80 கிமீ வேகத்தில் போக வேண்டும். அதன்மேல் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

அதனால் ‘எந்த இன்ஜின்?’ என்ற கேள்விக்கு முன்னால் ‘எந்த ஃபிரேம்?’ என்று கேட்க வேண்டும். காரணம் இரண்டு. ஒன்று, புது இன்ஜினின் இழுவையைத் தாங்குவது ஃபிரேம்தான். இரண்டு, சட்டத்தின் கண்ணில் உங்கள் பைக்கின் அடையாளமே அந்த ஃபிரேமில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பர்தான். வேறு மாடல் இன்ஜினை மாட்டிப் பொதுச் சாலையில் ஓட்ட இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பின்னே எதற்கு இந்தக் கட்டுரை? சட்டப்படி செய்ய வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும் ஃபிரேம் பற்றிய அறிவு தேவை.

ஃபிரேம் என்ன வேலை செய்கிறது?

பெட்ரோல் டேங்க், சீட், இன்ஜின் எல்லாவற்றையும் தாங்கும் இரும்புக்கூடு என்று மட்டும் நினைத்தால் பாதிதான் சரி. ஃபிரேமின் முக்கியமான வேலை, முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருப்பது. வளைவில் சாய்க்கும்போதும், பள்ளத்தில் விழும்போதும், சட்டென்று பிரேக் பிடிக்கும்போதும் அந்த நேர்கோடு கலையக் கூடாது.

இதற்கு இரண்டு இடங்கள் முக்கியம். ஹேண்டில்பார் திரும்பும் ஸ்டீயரிங் ஹெட் ஒன்று. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் பொருந்தும் பிவட் மற்றொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே ஃபிரேம் முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் பைக் சொன்னபடி கேட்கும். முறுக்கினால் வேகத்தில் தலையாட்டும்.

ஆக்சிலரேட்டரைத் திருகும்போது செயின் பின் சக்கரத்தை மட்டும் இழுப்பதில்லை. ஸ்விங் ஆர்ம் பிவட்டையும் முன்னோக்கி, ஒரு பக்கமாக இழுக்கிறது. ஸ்பிளெண்டர் இன்ஜினின் டார்க் ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர். டியூக் 390 இன்ஜினின் டார்க் 35 நியூட்டன் மீட்டருக்கு மேல். அதாவது நாலு மடங்குக்கும் அதிகம். 8-க்குக் கணக்குப் போட்டுச் செய்த குழாய், பிராக்கெட், போல்ட் எல்லாம் 35-ஐத் தாங்க வேண்டியிருக்கும். முதல் நாளே உடைந்துவிடாது. பல நூறு தடவை இழுத்து விட்டபின், வெல்டிங் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல் தொடங்கும். அதுதான் ஆபத்து, ஏனென்றால் அது கண்ணில் படாது.

எத்தனை வகை ஃபிரேம்?

நம்ம ஊர் சாலையில் ஓடுகிற பைக்குகளை வைத்தே பார்த்துவிடலாம்.

டபுள் கிரேடில்: தொட்டில் மாதிரி. ஸ்டீயரிங் ஹெட்டில் இருந்து இறங்கும் குழாய்கள் இன்ஜினுக்கு அடியில் போய்ப் பின்பக்கம் ஏறும். இன்ஜின் அந்தத் தொட்டிலுக்குள் உட்காரும். ஹீரோ ஸ்பிளெண்டர், ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650 இரண்டுமே இந்த வகை. பெயர் ஒன்று என்பதால் பலமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. குழாயின் விட்டம், தடிமன், வெல்டிங் எல்லாமே வேறு வேறு.

டைமண்ட்: அடியில் குழாய் இருக்காது. அந்த இடைவெளியை இன்ஜினே நிரப்பும். ஹோண்டா ஷைன், யூனிகார்ன் இந்த வகை. எடை குறைவு, செலவும் குறைவு.

இன்ஜினே ஃபிரேமின் ஒரு பாகம்: பழைய யூசிஇ இன்ஜின் புல்லட், கிளாசிக் மாடல்களில் ஒற்றைக் குழாய் இறங்கி இன்ஜினோடு முடிந்துவிடும். இன்ஜினும் சேர்ந்துதான் சுமை தாங்கும். இதை ‘ஸ்ட்ரெஸ்டு மெம்பர்’ என்பார்கள்.

டிரெல்லிஸ்: சின்னச் சின்னக் குழாய்களை முக்கோணமாக இணைத்த கூடு. கேடிஎம் டியூக்கில் ஆரஞ்சு நிறத்தில் வெளியே தெரிவது இதுதான்.

பெரிமீட்டர்: ஸ்டீயரிங் ஹெட்டில் இருந்து இன்ஜினின் இரு பக்கமும் அகலமாகப் பின்னால் வரும் பட்டைகள். பல்சர் என்எஸ் 200, டோமினார் 400 இந்த வகை. யமஹா ஆர்15-ன் டெல்டாபாக்ஸும் இதே குடும்பம்தான்.

ஸ்வாப் செய்ய நினைப்பவருக்கு இந்தப் பட்டியலில் இருந்து கிடைக்கும் முதல் பாடம் எளிமையானது. அடியில் குழாய் ஓடும் முழு கிரேடில் ஃபிரேமில், இன்ஜினைக் கழற்றினாலும் ஃபிரேம் ஃபிரேமாகவே இருக்கும். டைமண்டிலும் ஸ்ட்ரெஸ்டு மெம்பரிலும் இன்ஜினைக் கழற்றினால் ஃபிரேமின் ஒரு பகுதியையே கழற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கே மாட்டும் புது இன்ஜினின் அலுமினியக் கூடு அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதில்லை என்றால், மவுன்டிங் காதுகளில் விரிசல் விழும்.

உலகப் புகழ்பெற்ற ஸ்வாப்: டிரைடன்

இந்தப் பாடத்தை 70 வருடங்களுக்கு முன்பே பிரிட்டன் இளைஞர்கள் கற்றுவிட்டார்கள். 1950-ல் நார்ட்டன் நிறுவனம் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த புது ஃபிரேமோடு ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் இறங்கியது. சீனியர் டிடி போட்டியில் முதல் மூன்று இடங்களும் நார்ட்டனுக்கே. ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹரால்ட் டேனியல், இறகு மெத்தையில் போவது போல இருக்கிறது என்றாராம். அதிலிருந்து ‘ஃபெதர்பெட்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதே காலத்தில் பிரிட்டனில் 500 சிசி குட்டிப் பந்தயக் கார்கள் சூடு பிடித்தன. அந்தக் கார்களுக்கு நார்ட்டன் இன்ஜின் தேவைப்பட்டது. நார்ட்டனோ இன்ஜினை மட்டும் தனியாக விற்காது. எனவே முழு பைக்கையும் வாங்கி, இன்ஜினை மட்டும் கழற்றிக் காரில் மாட்டினார்கள். இன்ஜின் இல்லாத ஃபெதர்பெட் ஃபிரேம்கள் மிஞ்சின. அதில் டிரையம்ஃப் இரட்டை சிலிண்டர் இன்ஜினை இறக்கினார்கள் பைக் பிரியர்கள். டிரையம்ஃப் பாதி, நார்ட்டன் பாதி. பெயர், ‘டிரைடன்’.

அது ஏன் ஜெயித்தது? மூன்று காரணங்கள். ஒன்று, ஃபெதர்பெட் முழு டபுள் கிரேடில். இன்ஜினை நம்பி நிற்கும் ஃபிரேம் இல்லை. இரண்டு, பந்தயத்துக்காகச் செய்த ஃபிரேம் என்பதால் பலம் மிச்சம் இருந்தது. மூன்று, அந்தக் கால டிரையம்ஃபில் இன்ஜினும் கியர் பாக்ஸும் தனித்தனி. இடைவெளிக்குத் தகுந்த மாதிரி நகர்த்தி, ஃபிரேமை வெட்டாமல், தகடு வெட்டி போல்ட் போட்டு இறுக்கிவிட முடிந்தது.

கவனித்தீர்களா? நல்ல ஃபிரேமில் வேறு நல்ல இன்ஜினை வைத்தார்கள். சாதா ஃபிரேமில் பெரிய இன்ஜினைத் திணிக்கவில்லை.

நம்ம நாட்டு உதாரணம்: டீசல் புல்லட்

இந்தியாவில் புல்லட் ஃபிரேமில் டீசல் இன்ஜின் மாட்டிய கதை பலருக்கும் தெரியும். சென்னையில் இருந்து புல்லட் செய்துவந்த என்ஃபீல்ட் நிறுவனமே ‘டாரஸ்’ என்ற டீசல் மாடலை விற்றது. 1990-களில் அது சாலையில் ஓடியது. 325 சிசி இன்ஜின், 6.5 குதிரைத்திறன். வேகம் கிடையாது, அதிர்வு ஏராளம். ஆனால் மைலேஜ் அள்ளிக் கொடுக்கும்.

அங்கேயும் பழைய புல்லட்டின் தனி கியர் பாக்ஸ் கைகொடுத்தது. கியர் பாக்ஸும் செயினும் இருந்த இடத்திலேயே இருக்க, முன்னால் இன்ஜின் மட்டும் மாறியது. சக்தியும் பெட்ரோல் புல்லட்டைவிடக் குறைவு என்பதால் ஃபிரேமுக்குக் கூடுதல் இழுவை இல்லை. எடையும் அதிர்வும்தான் சவால்.

திருப்பூரில் பனியன் பண்டல் சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் கதையும் இதே மாதிரிதான். 69.9 சிசி டூ ஸ்ட்ரோக்காக ஓடிய எக்ஸ்எல், 2015-ல் 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்எல் 100 ஆக வந்தது. வெளியே பார்க்கப் பழைய எக்ஸ்எல் சாயல் இருந்தாலும், கம்பெனி சோதனை செய்து, அரசின் ஒப்புதல் வாங்கித்தான் சாலைக்கு விட்டது. பட்டறை ஸ்வாப்புக்கும் கம்பெனி மாற்றத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்தச் சோதனைதான்.

ஒரே இன்ஜினை வைத்தும் ஃபிரேம் எவ்வளவு மாற்றம் செய்யும் என்பதற்கு ராயல் என்ஃபீல்டின் 349 சிசி வரிசை நல்ல சான்று. மீட்டியார் 350-ல் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1,400 மிமீ. கிளாசிக்கில் 1,390. ஹன்டரில் 1,370. அளவில் 3 செமீதான் வித்தியாசம். கூடவே ஃபோர்க் சாய்வும் சக்கர அளவும் மாறுகின்றன. அதனால்தான் புஷ்பா தியேட்டர் சிக்னல் டிராஃபிக்கில் ஹன்டர் சட்டென்று வளைகிறது, தாராபுரம் ரோட்டில் மீட்டியார் நிதானமாகப் போகிறது.

ஃபிரேமைத் தேர்வு செய்ய 7 அளவுகள்

பந்தயத்துக்கோ, காலேஜ் புராஜெக்ட்டுக்கோ, ஷோவுக்கோ ஒரு பைக் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் பாருங்கள்.

1. இன்ஜினின் உயரம்: சிலிண்டர் ஹெட்டுக்கும் டேங்குக்கு அடியில் ஓடும் குழாய்க்கும் இடையே இடம் வேண்டும். உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவும், டேப்பட் செட் செய்யவும் கை போக வேண்டும்.

2. செயின் லைன்: இன்ஜின் ஸ்பிராக்கெட்டும் பின் வீல் ஸ்பிராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தையல் மெஷின் புல்லி சற்று விலகினால் பெல்ட் தேயும், மாற்றிவிடலாம். பைக் செயின் ஓடும்போது கழன்றால் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். செயின் லைனுக்காக இன்ஜினை ரொம்பவும் ஒரு பக்கம் தள்ள வேண்டியிருந்தால், அந்த ஃபிரேம் அந்த இன்ஜினுக்கு ஆகாது.

3. ஸ்பிராக்கெட்டுக்கும் பிவட்டுக்கும் உள்ள தூரம்: ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது செயின் இறுகித் தளரும். முன் ஸ்பிராக்கெட் பிவட்டுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்த வித்தியாசம் குறையும். பழைய இன்ஜினில் இந்தத் தூரம் எவ்வளவு இருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே அளந்து எழுதிவையுங்கள்.

4. முன் சக்கர இடைவெளி: ஸ்டாண்டில் நிற்கும்போது இடம் இருப்பது போலத் தெரியும். ஃபோர்க்கில் இருந்து ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, முழுக்க அமுக்கிப் பாருங்கள். மட்கார்டு சைலன்சர் குழாயிலோ ரேடியேட்டரிலோ இடித்தால், முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே கதை முடிந்தது.

5. எடை எங்கே உட்காருகிறது: புது இன்ஜின் எத்தனை கிலோ கூடுதல் என்பதோடு, அந்த எடை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். பழைய பைக்கை முன் சக்கரம், பின் சக்கரம் என்று தனித்தனியாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பண்டல் நிறுக்கும் பிளாட்ஃபார்ம் தராசே போதும். ஸ்வாப்புக்குப் பிறகும் அந்த விகிதம் கிட்டத்தட்ட அதேயாக இருக்க வேண்டும். முன்பக்கம் லேசானால் ஹேண்டில் ஆடும். இன்ஜின் உயரத்தில் உட்கார்ந்தால் பைக் சாய்ந்து நிமிர மறுக்கும்.

6. பிரேக்கும் டயரும்: வேகம் இரு மடங்கானால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 60-ல் ஓடிய டிரம் பிரேக் பைக் 120-ல் போனால், அதே டிரம் நாலு மடங்கு வேலை செய்ய வேண்டும். முடியாது. அதனால் டிஸ்க், தடிமனான ஃபோர்க், அகலமான டயர் எல்லாம் ஏற்கும் ஃபிரேம்தானா என்று முதலிலேயே பாருங்கள்.

7. சுற்றியிருக்கும் சாமான்கள்: கார்புரேட்டர் இன்ஜின் என்றால் வயரிங் எளிது. இன்ஜெக்ஷன் இன்ஜின் என்றால் ஈசியூ, சென்சார், டேங்குக்குள் ஃபியூயல் பம்ப் வேண்டும். லிக்விட் கூல்டு என்றால் ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடம் வேண்டும். ‘இன்ஜின் சல்லிசாகக் கிடைத்தது’ என்று தொடங்குபவர்கள் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த ஏழிலும் அதிக மார்க் வாங்குவது எது? பெரும்பாலும் அந்த இன்ஜின் பிறந்த ஃபிரேம், அல்லது அதே இன்ஜின் குடும்பத்துக்காகக் கம்பெனி செய்த இன்னொரு ஃபிரேம். டியூக் 390-ன் 373 சிசி இன்ஜினில் இருந்து வந்ததுதான் டோமினார் 400 இன்ஜின். அதற்காக பஜாஜ் தனியாக ஒரு பெரிமீட்டர் ஃபிரேமே செய்தது. ஸ்பிளெண்டர் ஃபிரேமை வலுப்படுத்தி டியூக் இன்ஜினை ஏற்றுவதைவிட, டியூக் ஃபிரேமை வைத்துக்கொண்டு டேங்க், சீட், தோற்றத்தை மாற்றுவது மலிவு, பாதுகாப்பும் அதிகம்.

பழைய ஃபிரேம் வாங்கும்போது...

சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் தனி ஃபிரேம் கிடைக்கும். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஸ்டீயரிங் ஹெட்டுக்கு அடியில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அந்த பைக் எதிலோ நேராக மோதியிருக்கிறது. இரு சக்கரத்தையும் மாட்டி, பக்கவாட்டில் நூல் பிடித்துப் பாருங்கள், நேர்கோடு தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியிலும் பேட்டரி வைக்கும் இடத்திலும் தட்டிப் பாருங்கள். உள்துரு இருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். பழைய வெல்டிங் மேல் புது வெல்டிங் தெரிந்தால் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சேஸிஸ் நம்பர். தேய்த்தோ மாற்றிக் குத்தியோ இருந்தால் தொடவே வேண்டாம். ஆர்சி, விற்பவரின் கையெழுத்து, பில் இல்லாத ஃபிரேமும் இன்ஜினும் திருட்டுப் பொருளாக இருந்தால், ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று சொல்லிவிட்டு லேசில் வெளியே வர முடியாது.

வெல்டிங்: எங்கே வைக்கலாம், எங்கே கூடாது?

திருப்பூரில் ரேக், டிராலி, டேபிள் ஸ்டாண்ட் செய்யும் வெல்டிங் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் ரேக்குக்கான சதுரக் குழாயும் பைக் ஃபிரேமின் மெல்லிய குழாயும் ஒன்றல்ல. சூடு அதிகம் பட்டால் வெல்டிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு பலம் இழக்கும். உடைவது வெல்டிங்கில் இல்லை, அதன் ஓரத்தில்.

ஸ்டீயரிங் ஹெட், ஸ்விங் ஆர்ம் பிவட் இரண்டின் பக்கத்திலும் வெட்டவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. முடிந்தவரை டிரைடன்காரர்கள் வழியில் போகலாம். அட்டையில் மாதிரி வெட்டி, அதன்படி கனமான தகட்டை அறுத்து, ஃபிரேமில் ஏற்கெனவே இருக்கும் மவுன்டிங்கில் போல்ட் போடும் பிராக்கெட். தப்பானால் கழற்றி வேறு தகடு வெட்டலாம். வெல்டிங் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஃபிரேமை ஜிக்கில் பூட்டி, டிக் வெல்டிங் தெரிந்த கையால் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, ஆர்சியில் உள்ள விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது அது. இன்ஜின் நம்பர், கியூபிக் கெபாசிட்டி, எரிபொருள் எல்லாமே ஆர்சியில் இருக்கும் விவரங்கள். கேரளாவில் இருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நிறம் மாற்றுவது, சின்னச் சின்ன உதிரி சேர்ப்பது வேறு. வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவது வேறு என்று தெளிவாக்கியது.

அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் சேர்த்தது. பிரிவு 182ஏ-ன்படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே.

‘போலீஸ் பிடிச்சா பார்த்துக்கலாம்’ என்று நினைப்பவர்கள் இன்னும் இரண்டு இடங்களை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, 15 வருடம் முடிந்து ஆர்சியைப் புதுப்பிக்கும் நாள். டிஎன் 39 ஆனாலும் டிஎன் 42 ஆனாலும், ஆர்டிஓ அலுவலகத்தில் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு, விபத்து நடக்கும் நாள். பாலிசியில் எழுதியிருப்பது 100 சிசி, ரோட்டில் கிடப்பது 390 சிசி என்றால், உங்கள் வண்டிக்கான க்ளெய்மை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அதுவே காரணமாகிவிடும். மாதச் சம்பளத்தில் இஎம்ஐ கட்டும் வீட்டுக்கு அது சின்ன அடி இல்லை.

அப்போ என்னதான் வழி?

அதே மாடல் இன்ஜின்: இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது, கிராங்க் கேஸ் உடைந்துவிட்டது என்றால் அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை மாற்ற முடியும். முதலில் ஆர்டிஓ அனுமதி, பிறகு மாற்றிய 14 நாட்களுக்குள் தகவல் தந்து ஆர்சியில் புது நம்பரை ஏற்ற வேண்டும். இன்ஜின் வாங்கிய பில் கட்டாயம் கையில் இருக்கட்டும். லோன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும், இன்ஷூரன்ஸில் திருத்தமும் தேவை.

எலெக்ட்ரிக் கிட்: பிரிவு 52 திறந்துவைத்திருக்கும் கதவு இது. பேட்டரி, சிஎன்ஜி போன்ற வேறு சக்திக்கு மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட கன்வெர்ஷன் கிட் மாட்டலாம். எலெக்ட்ரிக் கிட்டுக்கான தரநிலை ஏஐஎஸ் 123. கிட் எந்த மாடலுக்கு ஒப்புதல் பெற்றதோ அந்த மாடல் ஃபிரேமில் மட்டும்தான் மாட்டலாம். ஆக, இங்கேயும் ஃபிரேம்தான் முதலில். ஆன்லைனில் மோட்டாரையும் பேட்டரியையும் தனித்தனியாக வாங்கி மாட்டுவது இந்தக் கணக்கில் வராது.

டிராக்: திருப்பூருக்குப் பக்கத்திலேயே, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003-ல் திறந்த இந்த டிராக்குக்குப் பெயர் கொடுத்தவர் எஸ். கரிவரதன். மாருதி 800 இன்ஜினைக் கழற்றி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்து ‘ஃபார்முலா மாருதி’ செய்தவர் அவர். நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அதில்தான் பழகினார்கள். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் இன்ஜின், அதற்கென்றே கட்டிய ஃபிரேம் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. இன்றைக்கு அதே டிராக்கில் ‘ஃபார்முலா பாரத்’ போட்டிக்கு வரும் இன்ஜினீயரிங் மாணவர் அணிகளும், தாங்களே வடிவமைத்த குழாய் ஃபிரேமில் டியூக் 390 போன்ற பைக் இன்ஜின்களை வைத்து ஓட்டுகிறார்கள். ஓட்டுவதற்கு முன்னால் ஃபிரேம் ஆய்வு, சாய்வுச் சோதனை, பிரேக் சோதனை என எல்லாவற்றிலும் தேற வேண்டும். தேறாத வண்டி டிராக்கில் இறங்காது. டிராக்குக்கென்று கட்டிய பைக்கை அங்கே வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

தோற்றம் மட்டும்: ஆர்சி விவரங்கள் மாறாத அளவுக்கு சீட் கவர், ஸ்டிக்கர், பெயின்ட் என்று நிறுத்திக்கொள்ளலாம். நிறத்தை மாற்றினால் அதையும் ஆர்சியில் ஏற்றிவிடுங்கள்.

முடிவாக...

ஸ்வாப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்ஜினைக் கழற்றிய பிறகும் இந்த ஃபிரேம் தானாக நிற்குமா? புது இன்ஜினின் டார்க், பழையதைவிட எத்தனை மடங்கு? முடிந்தபின் ஆர்சியில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்குமா? மூன்றில் ஒன்றுக்காவது சரியான பதில் வரவில்லை என்றால், அந்த வண்டி சாலைக்கானது இல்லை.

அந்தக் காசுக்கு, ஆசைப்பட்ட இன்ஜினோடு பிறந்த செகண்ட் ஹேண்ட் பைக்கே கிடைக்குமா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பல நேரம் கிடைக்கும். ஃபிரேம், பிரேக், ஆர்சி மூன்றும் அதோடு சேர்ந்தே வரும்.